நூற்றிருபது சோற்றுருண்டை

போர்முனையில் இருக்கும் மூன்றாம் கம்பெனிக்குச் சோறு தூக்கிக்கொண்டு யார் போவது என்று தினமும் காலையில் சுமைக்காரர்களுக்குள் சண்டை. குண்டு விழுகிற மேடுதான், ஆனால் அங்கே போனால் வயிறு நிறையும். படையில் கம்பெனி என்றால் நூற்றிருபது பேர், தலைக்கு ஒரு சோற்றுருண்டை என்பது கீழே அடுக்களையின் கணக்கு. மேலே உயிரோடு இருந்ததோ இருபத்தாறு பேர். அதை, கம்பெனிக்குள் ஒரு சிறு பிரிவான பிளட்டூன் என்று சொல்லக்கூட இன்னும் நாலு ஆள் வேண்டும். மிஞ்சிய சோற்றை மேலே இருந்தவர்களும் தூக்கி வந்தவர்களும் பங்கிட்டுத் தின்றார்கள். தின்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

சண்டையில் எப்போதும் ஜெயித்தவர் போங் மான்-சொக். அவருடைய மருமகன் ஹியோன்-பே அந்த மேட்டில்தான் இருந்தான். மகளுக்கு ஏழாம் மாதம்.

அன்று மேலே போனபோது புது உத்தரவு வந்திருந்தது. நாளை விடிந்ததும் மூன்றாம் கம்பெனி எதிர்முகட்டைப் பிடிக்க வேண்டுமாம். நூற்றிருபது பேர் போனால் அது தாக்குதல். இருபத்தாறு பேர் போனால் என்ன என்று மான்-சொக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லெப்டினன்ட் பியோவிடம் நேரே போனார். பியோவுக்கு இருபத்துமூன்று வயது, போருக்கு முன்னால் பள்ளி வாத்தியார். ஆள் எண்ணிக்கைத் தாளில் தினமும் நூற்றிருபது என்று எழுதி அனுப்புகிறவன் அவன்தான்.

"ஐயா, பிளட்டூன்னு எழுதி அனுப்பிருங்களேன். அந்த முகட்டுக்கு வேற ஆளுங்களை அனுப்புவாங்க."

பியோ கோபப்படவில்லை. "பிளட்டூன்னு எழுதினா நாளைக்கே எங்களை வேற கம்பெனியில கொண்டுபோய் ஒட்டிருவாங்க, பெரியவரே. மூணாம் கம்பெனின்னு ஒண்ணு அப்புறம் இருக்காது. செத்த தொண்ணூத்தி நாலு பேரும் எதுல இருந்து செத்தாங்கன்னு சொல்லுவேன்?"

 செத்தவர்களைப் பற்றி அவன் யோசிக்கட்டும், தனக்கு இருப்பது ஒரு மருமகன் என்று மான்-சொக் நினைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரே ஒரு உருண்டை கொடுத்தார். ஹியோன்-பே இன்னொன்றுக்குக் கையை நீட்டினான்.

"ஒண்ணுதான்."

"பொண்ணையே குடுத்த கை, சோத்துக்குப் போயி சுருங்குதே மாமா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மிச்சத்தை மூட்டையாகக் கட்டி, சுமை தூக்கும் முதுகுச் சட்டத்தில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

கீழே, படைக்குப் பொறுப்பான மேஜரின் கூடாரத்து முன்னால் துணியை விரித்து, தொண்ணூற்று நான்கு உருண்டைகளையும் வரிசை வரிசையாக அடுக்கி வைத்தார். மேஜர் வெளியே வந்து பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.  பிழைத்தான் பையன் என்றே மான்-சொக் நினைத்தார்.

மேஜர் அடுக்களைக்காரனைக் கூப்பிட்டார். "மூணாம் கம்பெனிக்கு நாளையிலேருந்து முப்பது போதும். பிளட்டூன் அளவு."

"ஐயா, அப்ப அந்த முகடு?" என்றார் மான்-சொக்.

மேஜர் கெட்ட மனுஷர் இல்லை. வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "அது கம்பெனிக்குக் குடுத்த முகடு. மாத்தி அனுப்ப எங்கிட்ட வேற கம்பெனி இல்ல."

சோற்றுக்கு பிளட்டூன், சாவதற்குக் கம்பெனி. மான்-சொக் இதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே தன் கொட்டகைக்குப் போனார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பையன் கடைசியாக நாலு உருண்டையாவது தின்றிருப்பான் என்று அவருக்கு ஆறவே இல்லை.

தாக்குதல் முடிந்த மறுநாள் முப்பது உருண்டையோடு ஏறினார். யாரும் சண்டைக்கு வரவில்லை. மேட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஹியோன்-பே இல்லை. பியோ இருந்தான். வலது கையில் கட்டு, இடது கையால் எண்ணிக்கைத் தாளில் மூன்றாம் கம்பெனி என்று கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தான். 

ஒன்பது உருண்டையைக் கொடுத்தார். மீதி இருபத்தொன்றையும் கீழே யாரும் எண்ண முடியாதபடி மேலேயே வைத்துவிட்டு வெறும் சட்டத்தோடு இறங்கினார்.

"மூணாம் கம்பெனியில எத்தனை மிச்சம்?" என்று அடுக்களைக்காரன் கேட்டான்.

"ஒண்ணும் மிஞ்சல. முப்பதும் தீந்துபோச்சு," என்றார் மான்-சொக்.