போகிற வழியில் இல்லாத அருவி

இந்தியாவுக்குப் போகிறேன் என்று தேன்மொழி வாயைத் திறந்ததுதான் தப்பு. அதுவும் எங்கே திறந்தாள்? தொழிற்சாலை கேன்டீனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்! அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மலேசியாவின் கெலாங் பாத்தாவில் தெரிந்த வீடெல்லாம் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நம் ஆட்களைத்தான் தெரியுமே. ஒருத்தர் இந்தியாவுக்குக் கிளம்பினால் அவர் மட்டுமா கிளம்புகிறார்? தெருவில் இருக்கிறவர்களின் வேண்டுதல் எல்லாம் அவர் பெட்டியில் ஏறிக்கொள்ளும். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை ஒரு பக்கம், மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை ஒரு பக்கம். “போற வழிதானே, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க” என்பார்கள். சமயபுரம் போகிற வழி. திருப்பதி போகிற வழி. சென்னை ஜவுளிக்கடையும் போகிற வழிதான். ஜொகூரில் உட்கார்ந்து பார்த்தால் இந்தியா அவ்வளவு சின்ன ஊர்.

தேன்மொழி போக நினைத்தது குடகுக்கு. கர்நாடகத்து மலை மாவட்டம். காடு, அருவி, காப்பித் தோட்டம், மூடுபனி. கல்யாணமான புதிதிலிருந்து அவள் கம்ப்யூட்டர் சிப்பு செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே ஒரு ஜன்னல் கிடையாது. மழையா வெயிலா என்பது ஷிப்டு முடிந்து வெளியே வந்தால்தான் தெரியும். போன வருஷம் டெங்கிக் காய்ச்சல் வந்து ஐ.சி.யூ.வில் கிடந்தாளே, அங்கேயும் ஜன்னல் இல்லை. இப்படியே செத்துப்போனால் நான் இந்த உலகத்தில் எதைத்தான் பார்த்தேன் என்று படுத்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்க யோசிக்க அழுகை வந்தது.

பிழைத்து வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் கைப்பேசியில் குடகின் அப்பி அருவியைப் பார்த்தாள். பாறை மேல் தண்ணீர் இடிந்து விழுகிறது, மரங்களின் தலையை உரசிக்கொண்டு மேகம் போகிறது. அவ்வளவுதான். உடம்பு தேறினால் இதன் முன்னால் போய் நிற்பேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

கணவன் குணாளன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன், ஆனால் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. “குடுங்க லா, கொண்டு போறோம்” என்று ஒவ்வொரு மஞ்சள் முடிச்சாக வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டே வந்தான். தேன்மொழியும் பேசாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் வாய் வராது.

பயண ஏற்பாடு செய்யும் ரூபேந்திரன் ஒரு சாயங்காலம் போன் பண்ணினான்.

“அக்கா, நீங்க சொன்ன கோயிலு, கடை எல்லாத்தையும் மேப்ல போட்டுப் பாத்துட்டேன். உங்க லீவு ஒரே வாரம். மாந்தல்பட்டி மலை போச்சு. துபாரே யானை முகாம் போச்சு. இர்ப்பு அருவியும் போச்சு.”

“அப்பி அருவி?”

“அதுக்கு வண்டியில இருந்து எறங்கி நடக்கணும்கா. நேரம் பத்தாது. மடிகேரி டவுன்ல ஒரு டீ குடிக்கலாம்.”

“டீ குடிக்கவா நான் அவ்ளோ தூரம் வரேன்?”

“நான் என்ன செய்ய? மத்தத வெட்டினாலும் திருச்செந்தூர் ஒண்ணே போதும், எல்லாம் போச்சு. அது தெக்க கடலோரம், குடகு மேக்கால மலை. தெக்க சிங்கப்பூர் போற வழியில வடக்குக் கோடி லங்காவிக்கு ஒரு எட்டு போயிட்டுப் போறேன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“அலமாக்!” என்று தலையில் கைவைத்தான் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த குணாளன்.

அந்த வார விடுமுறையில் தேன்மொழி முடிச்சுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். மன்னிச்சுக்குங்க, இந்தத் தடவை முடியாது என்று அவள் சொல்லச் சொல்ல முகங்கள் சுருங்கின. ஒரு அம்மா கேட்டேவிட்டார்: “காட்டப் பாக்கவா இந்தியா போறே? நீ பொறந்த காஹாங் பக்கம் இல்லாத காடா?”

நியாயமான கேள்விதான். காஹாங்கில் அவள் வளர்ந்தது பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில். அங்கே மரத்தைப் பார்த்தால் எத்தனை குலை வெட்டலாம் என்றுதான் பேச்சு. அதைத் தாண்டியிருந்த காட்டுக்கு ஒருநாளும் யாரும் கூட்டிப்போனதில்லை. சும்மா நிற்கிற மரத்தைச் சும்மா நின்று பார்க்க லீவு எடுக்கலாம் என்பதே அவளுக்கு இந்த வயதில்தான் தோன்றியிருக்கிறது. இதையெல்லாம் வாசலில் நின்று எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பிவிட்டு வந்தாள்.

கடைசியாக மிச்சமிருந்தது திருச்செந்தூர் முடிச்சு. அது பொந்தியானில் இருக்கும் பேச்சியம்மாளுடையது. குணாளனின் அக்கா. தேன்மொழி ஐ.சி.யூ.வில் கிடந்தபோது கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, “செந்தூரானே, இவள எழுப்பி விடு. இவ காலாலயே ஒன் வாசலுக்கு நடந்து வர வைக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டவர்.

“அக்காகிட்ட எப்படி இல்லேன்னு சொல்லுவே?” என்று காரில் குணாளன் கேட்டான். “ஒனக்காக வேண்டுனது.”

“அதாங்க எனக்கும் தெரியல.”

பேச்சியம்மாள் கோப்பி கலக்கிக் கொடுத்தார். தேன்மொழி குடிக்கவில்லை. முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அண்ணி, நான் திருச்செந்தூருக்குப் போகல.”

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தார். குணாளன் தரையைப் பார்த்தான்.

“போற வழிதானேடி?”

“வழி இல்ல அண்ணி. அங்க போனா மலைக்குப் போக முடியாது.”

“அப்படி என்ன இருக்கு அந்த மலையில?”

தேன்மொழி கைப்பேசியில் அருவியைக் காட்டினாள். பேச்சியம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் பார்த்தார்.

“தண்ணி கொட்டுது.”

“ஆமா அண்ணி.”

“இதுக்காகவா ஒன்ன எமன் கையில இருந்து பிடுங்கிட்டு வந்தேன்?”

தேன்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. போகிறேன் அண்ணி, திருச்செந்தூருக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. வார்த்தை உதடு வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

“இதுக்காகத்தான் அண்ணி. நீங்க பிடுங்கிட்டு வந்த உசுரு. அதுல ஒரு வாரம் எனக்குக் குடுங்க.”

பேச்சியம்மாள் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

“வேண்டிக்கிட்ட வாய் என்னுது. ஒன் கால அடகு வச்சதும் நான்தான். வெள்ளிக்கிழம நம்ம முருகன் கோயில்ல நான் மொட்ட போட்டுக்கிறேன். செந்தூரான்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“ஐயோ, வேணாம் அண்ணி!”

“வேணாம்னா நீ செந்தூருக்குப் போவியா?”

தேன்மொழி மேசைமேலிருந்த முடிச்சை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“போமாட்டே இல்ல? அப்ப சும்மா இரு.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தேன்மொழிதான் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். முடி இறக்குகிறவர் சவரக்கத்தியை எடுத்ததும் பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். நரைத்த முடி கொத்துக் கொத்தாகத் தோளில் விழுந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள் தேன்மொழி. நிறுத்துங்கள் என்று சொல்ல இப்போதும் நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை. சொல்லாத தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் போகத்தான் போகிறாள்.

தலையில் சந்தனம் பூசியதும் பேச்சியம்மாள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். கையால் மண்டையைத் தடவிப் பார்த்தார்.

“அங்க போய் வேன்லயே ஒக்காந்திருந்தே, தோல உரிச்சிருவேன். நல்லா நனைஞ்சிட்டு வா.”