சுகிர்தராணி எழுதாமல் விட்ட மருந்துச் சீட்டு

1

எனக்கு நன்றி சொல்ல வராது. இந்தக் கதை அதனால்தான் பிறந்தது. ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன் நான். எங்கள் தொழிலாளர் கேம்ப் கிளினிக்கின் நர்ஸ் சுகிர்தராணிக்கு நன்றி சொல்லலாம் என்று போய், வாசலில் நின்று, "சிஸ்டர், அது வந்து..." என்று இழுத்து, கடைசியில் தலைவலி என்று புளுகிவிட்டுத் திரும்பினேன். (தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.) பேச வராதவன் எழுதியாவது தொலைக்கலாமே என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: வெள்ளுடை தரித்த அந்தத் தேவதை...

வேண்டாம். அவர் போடுவது கருநீல யூனிபார்ம். தேவதை என்று எழுதியது தெரிந்தால் பிரஷர் மெஷின் என் மண்டையில் இறங்கும்.

இரண்டாவது தொடக்கம்: செவிலியரும் பேறுகாலச் செவிலியரும் மருந்து பரிந்துரைப்பதற்கான முதுநிலைப் பயிற்சியானது இன்றைய சூழலில்...

இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆனால் கதை நிற்பது இதன்மேல்தான். எனவே சாதாரணமாகச் சொல்கிறேன்.

2

எங்கள் கிளினிக்குக்கு டாக்டர் நூஹு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். மற்ற நாட்களில் சுகிர்தராணி தனி ஆள். வந்தவனுக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது அவருக்குத் தெரியும். எழுதிக் கொடுக்கும் உரிமை கிடையாது. "டாக்டர் வரட்டும்" என்பதைத் தமிழிலும் ஹிந்தியிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். காதுவலியோடு ஒருவன் அந்த பதிலைக் கேட்டுவிட்டு, சைட்டுக்கே திரும்பிப் போனதைப் பார்த்த அன்று, மருந்து எழுதக் கற்றுத்தரும் அந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். டூட்டி இல்லாத நாளெல்லாம் வகுப்பு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எந்தக் கல்லூரி, எந்தச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று யாரும் எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம். இந்தக் கதைக்குள் அனுமதி உண்டு. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன்.)

வகுப்பில் அவருக்குப் பக்கத்து இருக்கை ஜோஸ்மி. ஓமன் நாட்டுச் சலாலாவில் மிட்வைஃபாக இருந்தவர். "பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்க மாமியார் காய்ச்சிக் குடுக்குற கஷாயத்தை மருந்துன்னே சொல்ல மாட்டாங்க, சேச்சி. அது அவங்களுக்குச் சாப்பாடு" என்று அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுகிர்தராணி வைத்திருந்தார்.

3

என் முதல் பிரதியில் சுகிர்தராணி பக்கத்துக்குப் பக்கம் புன்னகைத்தார். எனக்கே சந்தேகம் வந்தது. இப்படி ஒரு மனுஷி இருக்க முடியுமா? படித்துப் பார்க்கச் சொல்லி அவருக்கே அனுப்பினேன். முட்டம் கடற்கரைக்காரர். வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணே, இது ஆரு? எனக்கு ஆளு தெரியல. நான் வேலுச்சாமி அண்ணனை ஏசினதெல்லாம் எங்க? எனக்க கோவத்த வெட்டிப்போட்டுட்டு எனக்க கதைய எழுதுனா எப்பிடி? உள்ளத எழுதுங்க."

புன்னகைகளை எல்லாம் அழித்தேன். ஒன்று மட்டும் பாக்கி. எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

4

வேலுச்சாமி என் ரூம்மேட். சிவகங்கைப் பக்கம். இருவருக்கும் ஒரே சமையல். அவர் வைக்கும் ரசத்துக்காகவே நல்ல ரூம் கிடைத்தும் நான் மாறிப்போகவில்லை. அவருக்குப் பிரஷர். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போட்டார். பிரஷர் இறங்குகிற வழியாக இல்லை. கணுக்கால் வேறு வீங்கியது.

படிப்பின் கடைசித் தேர்வு இப்படி: நிஜமான நோயாளியை உட்கார வைத்து, தேர்வாளர்கள் எதிரில் விசாரித்து, சோதித்து, மணி அடிப்பதற்குள் மருந்து எழுத வேண்டும். சுகிர்தராணி வேலுச்சாமியைக் கேட்டார். அவர் ஒப்புக்கொண்டார். தனியாக வரப் பயந்து என்னையும் இழுத்துப் போனார். தேர்வாளர்களில் ஒருவர் டாக்டர் நூஹு. அவருக்குத் தமிழ் தெரியும், வாயைத் திறக்கத்தான் அனுமதி இல்லை. இன்னொரு தேர்வாளரான, கல்லூரியிலிருந்து வந்த அம்மாவுக்கு வாயைத் திறக்க அனுமதி உண்டு, தமிழ் தெரியாது.

தேறாவிட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் தேர்வுக்கு லீவு கிடையாது என்று கம்பெனி முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தது. அப்புறம் எங்கள் கேம்புக்கு "டாக்டர் வரட்டும்" மட்டுமே மிச்சம்.

சுகிர்தராணி பிரஷர் பார்த்தார். எகிறியிருந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றுதான்: மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுவது. சீட்டில் வேலுச்சாமியின் பெயரையும் எழுதிவிட்டார். பேனா கையில் இருந்தது.

"பிரஷர் மாத்திரை தவிர வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, அண்ணே?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"உள்ளதா?"

"சத்தியமா. மாஃபி."

(மாஃபி என்றால் அரபியில் இல்லை.) அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ரூமில் ஒரு பால்பவுடர் டப்பா உண்டு. யார் லீவு முடிந்து வந்தாலும் ஊறுகாய், முறுக்கு, கருவாட்டோடு மாத்திரை அட்டைகளும் வரும். அவை டப்பாவுக்குள் போகும். யாருக்கு எது வலித்தாலும் கையும் டப்பாவுக்குள் போகும். கிளினிக்கில் கொடுப்பதுதான் எங்களுக்கு மாத்திரை. டப்பாவில் இருப்பது ஊர்ச் சாமான். கேம்பில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். பக்கத்தில் இருந்த நானும் பலமாகத் தலையாட்டினேன்.

சுகிர்தராணி பேனாவை மூடினார்.

"முட்டி வலிக்குதுன்னு போன தடவை சொன்னீங்களே. இப்ப எப்பிடி?"

"இப்பத் தேவலை."

"எப்பிடித் தேவலை ஆச்சு?"

"அதுவா ஆயிருச்சு சிஸ்டர்."

"அதுவா ஆவாது. வீட்டுல அக்கா பேரு என்னா?"

"சுந்தராம்பாளு."

"போனப் போடுங்க."

கல்லூரி அம்மாவிடம் ஆங்கிலத்தில் அனுமதி கேட்டார். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். போகிற நேரம் உன்னுடையது என்பதுபோல் தலையசைத்தார்.

5

வீடியோவில் சுந்தராம்பாள் வந்தார். "என்னங்க, டூட்டி நேரத்துல... யாரு இந்தப் பொண்ணு?"

"கிளினிக் நர்ஸு, அக்கா. பயப்படாதீங்க, அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. ஊருல இருந்து என்னெல்லாம் குடுத்து விட்டீங்க?"

"மாங்கா ஊறுகா, பருப்புப்பொடி, எள்ளுருண்டை... அப்புறம் முட்டிவலி மாத்திரை. நம்ம மெடிக்கல்காரத் தம்பி குடுத்தது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தீரத் தீர லீவுல வர்றவுக கையில குடுத்து விடுறேனே. ஏன், தீந்துருச்சா?"

"ஏய், அதை ஏன் இப்பச் சொல்ற?" என்றார் வேலுச்சாமி.

சுந்தராம்பாள் அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். சுகிர்தராணி படித்தார். அப்புறம் தேர்வு, தேர்வாளர், மரியாதை எல்லாம் பறந்தது.

"உங்களுக்கு அறிவு உண்டா, அண்ணே? பிரஷரை ஏத்துறதும் இது, கால வீங்க வைக்கிறதும் இது. இப்பிடியே போட்டா கிட்னி போவும். நான் பிரஷர் மாத்திரையக் கூட்டி எழுதியிருந்தா என்ன ஆவும்? கேட்டா மாஃபின்னு சொல்லுதீங்க!"

வேலுச்சாமி தலையைக் குனிந்தார். "அதை மாத்திரைன்னு நெனைக்கல சிஸ்டர். வீட்டுல குடுத்து விட்டது."

போனில் சுந்தராம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க தெரிஞ்சு செய்யல, அக்கா" என்றார் சுகிர்தராணி. வலி மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும், ரத்தப் பரிசோதனை உடனே, பிரஷர் மாத்திரை பழைய அளவிலேயே, திரும்ப வந்து காட்ட வேண்டும் என்றெல்லாம் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் விளக்கத் திரும்பினார். பாதியில் மணி அடித்தது.

சீட்டில் வேலுச்சாமியின் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

6

முடிவு அ: டாக்டர் நூஹு எழுந்து நின்று கைதட்டினார்.

(இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான்.)

முடிவு ஆ: சுகிர்தராணி தோற்றார், ஆனால் மனிதத்தில்...

இந்த வாக்கியத்தை எழுதிய கையைப் பேனாவாலேயே குத்திக்கொள்ளலாம்.

முடிவு இ: நிஜத்தில் நடந்தவை. பரிசோதனையில் கிட்னி லேசாகத் தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது தெரிந்தது. நல்லவேளை, இப்போதே தெரிந்தது என்றார் டாக்டர். பழைய மாத்திரையிலேயே பிரஷர் இறங்கியது. வீக்கம் வடிந்தது. முட்டிவலி திரும்ப வந்துவிட்டது. சுகிர்தராணி சொல்லிக்கொடுத்த பயிற்சியை வேலுச்சாமி திட்டிக்கொண்டே செய்கிறார். டப்பாவை நாங்களே கிளினிக் மேஜையில் கொண்டுபோய்க் கவிழ்த்தோம். அதைப் பார்த்து அவர் சிரித்தார். (அந்த ஒரு பாக்கிப் புன்னகை இதுதான்.)

தேர்வு முடிவு மட்டும் இன்னும் வரவில்லை. நான் இதை எழுதுவது அதற்குக் காத்திருக்கிற நாட்களில்தான்.

"பாஸுன்னு போட்டுரு தம்பி" என்கிறார் வேலுச்சாமி, ரசத்துக்குத் தாளித்தபடி. "எழுதிட்டா நடந்துரும்."

அதையும் சுகிர்தராணிக்கு அனுப்பிக் கேட்டேன். பதில் வந்தது. "ரிசல்ட்டை நீங்க எழுதாதீங்க, அண்ணே. அது எனக்க பேப்பரு."

எழுதவில்லை.

7

சிஸ்டர், அன்றைக்கு வாசலில் நின்று சொல்ல வராதது இதுதான். பேனாவை மூடினீர்களே, அதற்கு நன்றி. திட்டினதற்கும் நன்றி. இன்றைக்கும் ரசம் நன்றாக இருந்தது.

வாசகரே, அவருடைய தேர்வின் முடிவு என் கையில் இல்லை. இந்தக் கதையின் முடிவு உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் ரியாத்தில் பத்தா பக்கம் இருக்கலாம், மதுரையில் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். ஒருநாள் உங்கள் எதிரிலும் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து கேட்பார். "ஒண்ணுமில்ல" என்று உங்கள் வாய் ஆரம்பிக்கும்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

சொல்லுங்கள். மணி இன்னும் அடிக்கவில்லை.