இடது பக்கம்

“நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்று பேராசிரியர் ஒருமுறை அவளிடம் கேட்டார். அவர் அக்காவின் பழைய மாணவர். அப்போதுதான் கல்லூரியில் துறைத்தலைவர் ஆகியிருந்தார். டீத் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற அவள், தன் அக்குளில் இடுக்கியிருந்த புத்தகத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எண்ணி, “நூத்துப் பன்னெண்டாம் பக்கம் வரைக்கும்” என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் டீயை மடியில் சிந்திக்கொண்டாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்பது பிறகு தெரிந்து, கேட்டிருக்கக் கூடாது என்று அடுத்த தடவை வந்தபோது சொல்ல முயன்று, சொல்லாமலே போனார்.

இன்று காலை அதே மனிதர் சமையலறை வாசலில் வந்து நின்றார். முன் அறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க அவள் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியரின் கையில் தட்டச்சு செய்த தாள்கள் இருந்தன. அக்காவின் மேசைமேல் கிடந்த கட்டு. ஒரு மணி நேரமாக மூலை நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் படிக்கிறாரே என்று மேல் மாடி வீட்டம்மாள் அவரை இரண்டு தடவை முறைத்துவிட்டுப் போனாள்.

“மேடம் எப்போம்மா மனசை மாத்திக்கிட்டாங்க?” என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை.

“கடைசி அத்தியாயம். நாப்பது வருஷமா சொன்னதைக் கடைசியா அவங்களே மறுத்திருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

அவள் குழாயை மூடினாள். புரிந்துவிட்டது. நேற்று மத்தியானமே தெரிந்த விஷயம்தான்.

அக்கா ஆயுளெல்லாம் எழுதியது ஒரு பழைய நாடகத்தைப் பற்றி. தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிகளில் பாடம். ஒரு பெரிய வீட்டை எதிரிகள் வளைத்துக்கொள்கிறார்கள். கடைசி அங்கத்தில் அந்த வீட்டு வேலைக்காரி பின்கதவைத் திறந்துவிடுகிறாள். வீடு அழிகிறது. ஏன் திறந்தாள் என்று நாடகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. லஞ்சம் வாங்கினாள் என்று எழுதியவர்கள் உண்டு. முட்டாள்தனம் என்று எழுதியவர்களும் உண்டு. அக்கா வந்துதான் அது கலகம் என்றாள். கதவைத் திறந்தது ஒருத்தியின் கை அல்ல, தலைமுறைகளின் கோபம் என்று எழுதினாள். அந்த வாக்கியத்தைப் பரீட்சைத் தாளில் எழுதாமல் அக்காவின் கல்லூரியிலிருந்து ஒருவரும் வெளியே போனதில்லை. அந்த நாடகத்தின் சமூகக் கருத்துகளைப் பற்றி அக்கா எழுதிய கடைசிப் புத்தகம்தான் பேராசிரியர் கையில் இருந்தது.

எழுதிய என்று சொல்வது சரியல்ல. மூன்று வருஷமாக அக்காவுக்குக் கண் தெரியவில்லை. ஜன்னல் இருக்கிற பக்கம் வெளிச்சம் என்று தெரியும், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா சொல்லுவாள், அவள் நீள நோட்டில் எழுதுவாள். “வலது பக்கம் மட்டும் எழுது. இடது பக்கம் எனக்கு” என்பது அக்காவின் சட்டம். கண் நன்றாக இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். திருத்தங்களை இடது பக்கத்தில் எழுதி அம்புக்குறி போடுவாள். கண் போனபிறகு திருத்தம் எழுத ஆளில்லை. சட்டம் மட்டும் அப்படியே நின்றது. நோட்டைப் புரட்டப் புரட்ட இடது பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன.

அவளுக்கு அந்த வெறுமை தாங்கவில்லை. முதலில் எழுதியது இரண்டே வரி. விருந்துக் காட்சியில் உணவு என்பது அதிகாரத்தின் குறியீடு என்று அக்கா அரை மணி நேரம் சொல்லி முடித்து, அசந்து தூங்கிவிட்டாள். அவள் இடது பக்கத்தில் எழுதினாள்: ‘பதினாறு பேர் சாப்பிட்டார்கள். பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று நாடகத்தில் இல்லை.’ எழுதிவிட்டு, திருடிய பொருளை மறைப்பதுபோல் நோட்டை மூடினாள். அடுத்த நாள் நாலு வரி. பிறகு அரைப் பக்கம். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏழு நோட்டு நிறைந்தது.

தட்டச்சுக்காரரிடம் கொடுக்கும்போது வலது பக்கம் மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனாள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூட நாடகத்தில் ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார்கள், அது வரவில்லை. அரங்கமே சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா படுக்கையில், அக்காவுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் ஒருத்தி இருந்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. ஏன் போகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டச்சுக் கடையிலும் அப்படித்தான், நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் கட்டு வந்து சேர்ந்தது. “கடைசி அத்தியாயத்தைப் படி” என்றாள் அக்கா. படித்தாள். அச்செழுத்தில் எல்லாமே வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. அதனால் மூன்று வரி படித்தபிறகுதான் அது தன்னுடையது என்று அவளுக்கு உறைத்தது. நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்டே? படி.”

வேறு வழியில்லை, படித்தாள்.

‘கடைசி அங்கத்துக்கு முன்னால் அந்தப் பின்கதவு ஏழு தடவை தட்டப்படுகிறது. ஏழு தடவையும் வேலைக்காரிதான் எழுந்து போகிறாள். மற்றவர்கள் பேச்சை நிறுத்துவதுகூட இல்லை. வந்தது யார் என்று அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை. எட்டாவது தடவை தட்டும்போதும் அவள் எழுந்து போனாள். கோபம் இருந்திருந்தால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். பழக்கத்தில்தான் திறந்தாள். எழுந்து போகிற கால்கள் அந்த வீட்டில் இன்னும் இரண்டு இருந்திருந்தால் வீடு தப்பித்திருக்கும்.’

புத்தகம் அதோடு முடிந்தது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“ஏழா?”

“ஏழு.”

“எண்ணினியா?”

“ம்.”

“நான் எண்ணினதே இல்லடி” என்றாள் அக்கா. திட்டவில்லை. இதை வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

காலையில் காப்பியோடு போனபோது அக்கா கட்டிலில் இல்லை. புத்தக அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாகத் துணையில்லாமல் கால் ஊன்றாதவள். உடம்பு சில்லிட்டிருந்தது. மடியில் அந்த நாடகம் விரிந்திருந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, கட்டிலில் இருந்திருந்தாலும் இதே மணிக்கு இதேதான் நடந்திருக்கும் என்றார். மாடி வீட்டம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்: வாத்தியாரம்மாவுக்கு எப்பேர்ப்பட்ட சாவு, கையில புத்தகத்தோட, நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசினாக்கூட மாடிப்படியிலேயே நிறுத்தித் திருத்துவாங்க, இனிமே என்னை யார் திருத்துவா?

இதெல்லாம் அவள் மனதில் ஓடிய நேரமெல்லாம் பேராசிரியர் பொறுமையாக நின்றார். அவர் இன்றைக்கே இதை அச்சகத்துக்குக் கொண்டுபோய்விடுவார். அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும்; அவள் எழுதியது ஊரெல்லாம் படிக்கும். ஆனால் நாற்பது வருஷம் ஒரே குரலில் பேசிய அக்கா, சாகும்போது அதை விழுங்கிவிட்டதாக ஆகும். அக்கா அப்படிச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் சொன்னாள்.

“சார்” என்றாள். குரல் எங்கேயோ கிணற்றிலிருந்து வந்தது. “அது அக்கா சொன்னதில்ல. நான் எழுதினது.”

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

“நீங்கதான் எழுதினீங்க, தெரியும்மா. மேடம் சொல்லச் சொல்ல…”

“சொல்லாததையும் எழுதினேன்.”

நோட்டுகளை எடுத்து வந்து சமையல் மேடைமேல் அடுக்கினாள். அவர் ஒன்றைப் பிரித்தார். இடது பக்கம், வலது பக்கம், இரண்டிலும் அதே பேனா, அதே சின்ன எழுத்து. “எல்லாம் ஒரே கையெழுத்துதானேம்மா” என்றார்.

அந்த நேரத்தில்தான் தட்டச்சுக்காரர் மாலையோடு வந்தார். அக்காவின் காலடியில் வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, நோட்டுகளைக் கண்டதும் முகம் மலர்ந்தார். துக்க வீடு என்று நினைவு வந்து சட்டென்று அடக்கிக்கொண்டார்.

“ஒரு எழுத்து விடலைங்க. இடது பக்கம், வலது பக்கம், வரிசையா அடிச்சேன். என்ன, சில இடத்துல வாக்கியம் பாதியில நின்னு, ஒரு பக்கம் தாண்டிப் போய்த் தொடருது. அதையெல்லாம் நானே சேத்து முழுசாக்கிட்டு, அப்புறமாத்தான் நடுவுல இருந்ததை அடிச்சேன். இந்தம்மா அவசரத்துல மாத்தி எழுதிட்டாங்க போல.”

அவர் போனபிறகு பேராசிரியர் நோட்டை மறுபடி பிரித்தார். வலது பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். தாளைத் திருப்பி, இடது பக்கத்தைப் பார்க்காமல், அடுத்த வலது பக்கத்தின் முதல் வரிக்குப் போனார். பாதியில் நின்ற வாக்கியம் அங்கே தொடர்ந்தது. இன்னொரு தாள். இன்னொன்று. அவர் உதடுகள் அசைந்தன. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட குரலைத்தான் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு இடது பக்கங்களை மட்டும் படித்தார். பாத்திரம் கழுவாத விருந்து வந்ததும் ஒரு கணம் நின்றார்.

“நேத்து ராத்திரி சாப்பிட உக்காரும்போது மேடம் போன் பண்ணாங்க” என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாடகத்துல கதவை எத்தனை தடவை தட்டுறாங்க, எண்ணிச் சொல்லுடான்னாங்க. காலைல சொல்றேன் மேடம்னு வச்சுட்டேன்.”

முன் அறையில் யாரோ புதிதாக வந்து அழுதார்கள்.

“மடியில புத்தகம் தலைகீழா இருந்துச்சு சார்” என்றாள் அவள். “எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி நான்தான் திருப்பி வச்சேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதையெல்லாம் எடுத்துட்டா புத்தகத்துல என்னம்மா இருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அக்கா இருப்பாங்க.”

நாலு மணிக்கு வண்டி வந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் அக்கா இருந்த பெட்டியைச் சாய்க்காமல் இறக்குவது பெரும்பாடாக இருந்தது. பேராசிரியரும் தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்து திரும்பும்போது மழை தூற ஆரம்பித்திருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தனியா எப்படி இருப்பே, எங்களோட வந்துடு என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். எந்த ஊர், எந்த வண்டி என்று ஒருவரும் சொல்லவில்லை. மாடி வீட்டம்மாள் மட்டும் அவளுக்குச் சாப்பாடு கொண்டு வந்து, சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

பேராசிரியர் அக்காவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அவளிடம் கத்தரிக்கோல் கேட்டார். ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் தட்டச்சுத் தாள்கள். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டு, அவளுடையது வரும் இடங்களில் வெட்டி எடுத்தார். அவள் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடையது ஒரு நாலு தாள் இருக்கும் என்று நினைத்திருந்தாள். துண்டுகள் சேர்ந்துகொண்டே போயின. சில இடங்களில் அவர் வெட்டுவதற்கு முன்னால் இரண்டாம் முறை படித்தார். ஒரு இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ கேட்கத் திரும்பியவர், அவள் சுவரில் தலை சாய்த்திருந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

முடிக்கும்போது விளக்கு போட வேண்டியதாயிற்று. மேசைமேல் இரண்டு கட்டுகள் இருந்தன. பெரியதை உறையில் போட்டு, உறைமேல் அக்காவின் பெயரை எழுதித் தன் பையில் வைத்துப் பூட்டினார். சின்னதை ஓரம் தட்டி நேராக்கி, ஒரு குண்டூசி குத்தினார். அவள் எழுந்தாள். அதைத் தன்னிடம்தான் கொடுக்கப்போகிறார் என்று கையை நீட்டவும் செய்தாள்.

அவர் கொடுக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினார். அந்தத் தாள்களை உள்ளே செருகி, பொத்தான்களை மறுபடி போட்டார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். கீழே தெருவில் அவர் போய்க்கொண்டிருந்தார். குடை இல்லை. பை நனைந்தது. ஒரு கை மட்டும் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது.