வெட்டிப்போட்ட வதை

காலையில் சுஹைரா ஒரு சொல்லின் வாலை வெட்டிவிட்டாள். பகல் சாப்பிட்ட சோறு இன்னும் அவள் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி, கப்பல் வேலைக்குப் பொடியன்களைப் பழக்கும் தனியார் நிலையம் அது. சுஹைரா அங்கே மொழிபெயர்ப்பாளர். புதிதாக வந்த அதிபருக்குத் தமிழ் தெரியாது. வயல் ஊரான கிளிவெட்டியிலிருந்து படிக்க வந்த இராகுலனுக்கு ஆங்கிலம் காணாது. அவன் முறைப்பாட்டோடு அதிபர் முன்னால் நின்றபோது நடுவில் நின்றவள் அவள்தான்.

"சீனியர் ஸாஜித் என்னைப் பகிடிவதை செய்யிறார், சேர். வயல் நண்டு எண்டு பேர் வைச்சு, சாப்பாட்டு மண்டபத்தில பக்கவாட்டில நடக்க விடுறார். எனக்கு நீந்தத் தெரியாது. படகு அணையிற ஜெட்டி விளிம்பில நிப்பாட்டி, சட்டைக் கொலரில பிடிச்சுத் தண்ணிப் பக்கம் சாய்க்கிறார்."

பகிடிவதை என்று நிரூபணமானால் நிலையத்தை விட்டே துரத்திவிடுவார்கள். பொலிஸ் வரைக்கும் போகும். அந்த ஸாஜித் சுஹைராவின் கூடப்பிறந்த தம்பி. அது அதிபருக்கும் தெரியாது, இராகுலனுக்கும் தெரியாது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு ஆடியது நாக்கு. நண்டையும் ஜெட்டியையும் விழுங்கினாள். பகிடிவதையில் வதையை வெட்டினாள். மிச்சமிருந்த பகிடியை, அதாவது வெறும் கேலியை, "டீஸ் பண்ணுகிறாராம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தாள்.

அதிபரின் முகம் தெளிந்தது. "டீசிங்தானா! பொடியன்கள் என்றால் அப்படித்தான்" என்று சிரித்து, ஸாஜித்தைக் கூப்பிட்டு இருவரையும் கைகுலுக்கிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் இராகுலன் கேட்டான். "நான் சொன்னதெல்லாம் சொன்னீங்கள்தானே, அக்கா?"

"ஓம் தம்பி."

அந்த ஓம்தான் இப்போது நெஞ்சில் நின்று கரித்தது. தன்னைத் தானே சமாதானப்படுத்த மேசையிலிருந்த தடித்த அகராதியைப் புரட்டினாள். டீஸ்: விளையாட்டாகச் சீண்டுதல், கேலி செய்தல். அப்பாடா! அத்தோடு மூடி வைத்திருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, கீழேயும் வாசித்தாள். ஆதியில் அந்தச் சொல்லுக்கு ஆட்டு மயிரை இழை இழையாகப் பிய்த்தெடுத்தல் என்று பொருளாம். துணியை முள்ளால் வாருவதற்கும் அதே சொல்லாம். மனிதரைச் சீண்டுவது பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டதாம். அவள் வெட்டிப்போட்ட வதை அங்கே அகராதிக்குள் குந்தியிருந்தது.

நேற்று உம்மா பழைய தலையணையைக் கிழித்து, கட்டிப்பட்ட இலவம்பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துச் சுளகில் போட்டாள். பக்கத்தில் இருந்த ஸாஜித், "துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் வருது, ராத்தாவுக்கு ஒரு மாப்பிள்ளை வரக் காணல்லியே" என்றான். வீடே சிரித்தது. சுஹைராவும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள். அந்த வலி அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வெட்டினாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பின்னேர நீச்சல் பயிற்சிக்கு மணி அடித்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். பொடியன்கள் ஜெட்டிக்கு வரிசையாகப் போனார்கள். இராகுலனுக்குப் பின்னாலேயே ஸாஜித் போனான். உடனே தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அந்தப் பொடியன்ல கை வைக்காதே."

"என்ன ராத்தா, காலையில நீங்கதானே காப்பாத்திவிட்டீங்க? பயப்படாதீங்க. சும்மா ஒரு பகிடிதான்." அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். சுஹைரா செருப்பைக்கூட மாட்டாமல் அதிபரின் அறைக்கு ஓடினாள். காலையில் தான் பிழையாக மொழிபெயர்த்ததாகச் சொன்னாள். அது டீசிங் இல்லை, றாகிங் என்றாள். விழுங்கிய நண்டையும் ஜெட்டியையும் சேர்த்துச் சொன்னாள். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து ஜெட்டிக்கு ஓடினார். அவளும் பின்னால் ஓடினாள்.

ஜெட்டி விளிம்பில் இராகுலனின் கொலர் ஸாஜித்தின் கையில் இருந்தது. இராகுலனுக்கு மிதவை அங்கி இன்னும் மாட்டவில்லை. அதிபர் போட்ட சத்தத்தில் ஸாஜித் அவனை உள்ளே இழுத்து விட்டான். இராகுலன் பலகையில் குந்தி, இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஸாஜித் அதிபரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்தான். "காட்டிக் குடுத்திட்டீங்களா, ராத்தா? ஒரு பகிடியும் விளங்காதா உங்களுக்கு?"

அதிபர் திரும்பினார். "என்ன சொல்கிறான்?"

இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். ராத்தா என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்க மனமில்லாமல் அப்படியே சொன்னாள்.

"ராத்தா என்றால் என்ன?" என்றார் அதிபர்.

இராகுலனும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். காலையில் பார்த்த அதே பார்வை. அந்தச் சொல்லில் வெட்டுவதற்கு வால் எதுவும் இருக்கவில்லை.

"சிஸ்டர்" என்றாள் சுஹைரா.