மருந்துச் சீட்டில் ஒயின்

எங்கள் விடுதியில் முதல் கோப்பை காலை ஏழரைக்கு. அதன்பின் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவு வரை. அளந்து ஊற்றுபவள் நான். பெயர் கோலெட், நர்ஸ்.

இங்கே பதினான்கு பேர் இருக்கிறார்கள். மது கிடைக்காத நாளில் வாய் கொப்பளிக்கும் மருந்தையும், கைக்குத் தடவும் ஜெல்லையும் குடித்துத் தெருவில் விழுந்து கிடந்தவர்கள். பாதுகாப்பான ஒயினை அளவோடு கொடுத்து, ஒரு படுக்கையும் சூடான சாப்பாடும் கொடுத்தால் அந்த விஷத்தைத் தேடிப் போக மாட்டார்கள் என்று தொடங்கிய இடம். என் அப்பா குடித்தே செத்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒயின் ஊற்றிய என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

ரெய்னோ லாத்தேலா வந்த பிறகு அது மாறியது. பின்லாந்துக்காரர்கள் வழியில் வந்தவர், முன்னாள் மரம்வெட்டி, வயது ஐம்பத்தெட்டு. அதற்கு முந்தைய வருஷம் மட்டும் முப்பது தடவைக்கு மேல் ஆம்புலன்ஸில் போனவர். எங்களிடம் வந்து மூன்று மாதத்தில் முகம் மழித்துக்கொண்டார், காலையில் கஞ்சி குடித்தார், அடுத்த அறையில் தங்கியிருந்த டெல்ஃபீனோடு சீட்டாடிச் சண்டை போட்டார். ஆம்புலன்ஸ் ஒரு தடவைகூட வரவில்லை.

பிப்ரவரியில் பழைய கூட்டாளி ஒருவரைத் தேடி ஆற்றுப் பக்கம் போனார். பனிக்கட்டி உடைந்து இடது காலணிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நனைந்த காலோடு இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார். வெளியே மைனஸ் முப்பது. ஐந்தாம் நாள் கால்விரல்கள் கறுத்து, பாதம் வீங்கி, காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரெண்டு வாரம் நரம்பு வழியா மருந்து போகணும். நடுவுல விட்டா பாதத்தையே எடுக்க வேண்டியதுதான்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர் பெட்டிக்ரூ.

ரெய்னோ என்னைப் பார்த்தார். "தங்கச்சி, என்னால இங்க இருக்க முடியாது. ரெண்டாம் நாளே உடம்பு உதறும். செவுத்துல பூச்சி ஓடும். தெரியும்ல?"

"நடுக்கத்துக்கு மாத்திரை குடுப்போம்" என்றார் டாக்டர்.

"முன்னாடி நாலு தடவை குடுத்தாங்க டாக்டர்" என்றேன். "நாலு தடவையும் கையில ஊசியோட எழுந்து போயிட்டாரு. எங்க விடுதியில குடுக்கற அதே அளவு ஒயினை இங்கயும் குடுங்க. மருந்துச் சீட்டுல எழுதுங்க."

"என்ன விளையாடுறீங்களா? இது ஆஸ்பத்திரிம்மா!"

"அதனாலதான் கேக்கறேன். இவரு குடிக்கிறதை இந்த ரெண்டு வாரத்துல நிறுத்த உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. காலை மட்டும் காப்பாத்தலாம்."

டாக்டர் வெளியே போனார். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். ரெய்னோ போர்வையை விலக்கிவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

இருபது நிமிடம் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். மருந்தாளரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். ஒயினோடு ஒத்துப்போகாத மருந்தை மாற்றி எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: வெள்ளை ஒயின், நூற்றைம்பது மில்லி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, மயக்கமாக இருந்தால் நிறுத்தவும்.

"தள்ளாடினா குடுக்க மாட்டேன்" என்றார் ரெய்னோவிடம்.

"இந்தக் காலோட தள்ளாடாம எப்படி நடக்கறதாம்?" என்றார் ரெய்னோ. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மறுநாள் மதியம் போனேன். மாத்திரைத் தட்டில் மாத்திரைகளோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் கோப்பை வந்தது. கொண்டு வந்த நர்ஸுக்குச் சங்கடம், காதெல்லாம் சிவந்துவிட்டது. ரெய்னோ குடித்து முடித்து, "ரொம்பப் புளிப்பு. உங்க மருந்துக்கடைக்கு ருசியே தெரியல" என்றார். கை நடுங்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு இப்படி ஒரு கோப்பையை யாராவது அளந்து கொடுத்திருக்கலாம்.

பதினான்கு நாளும் இருந்தார். இரண்டு விரல்கள் போயின, பாதம் பிழைத்தது. டெல்ஃபீன் விடுதி வாசலிலேயே நின்று, "எட்டு விரல்காரா, வா! இனிமே கால்விரல் நடுவுல சீட்டை ஒளிச்சு ஏமாத்த முடியாது" என்று கத்தினாள். ஏப்ரலில் அவராகவே கடைசிக் கோப்பையைப் பாதியாக்கச் சொன்னார். தூக்கம் கெடுகிறதாம்.

மே மாதம் பெட்டிக்ரூ போன் செய்தார். "இன்னொருத்தர் வந்திருக்காரு. கல்லீரல் மோசம். ஓடிப்போகப் பாக்கறாரு. உங்க ஒயின் அட்டவணையை அனுப்ப முடியுமா?"

அட்டவணையை அனுப்பினேன். ரெய்னோவிடம் சொன்னதும் கைத்தடியை எடுத்தார்.

"நானும் வர்றேன். டாக்டர் சொன்னா அவன் நம்பமாட்டான். என் காலைக் காட்டினா நம்புவான்."

பஸ் நிறுத்தத்தில் பனி முழுக்க உருகி, தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பஸ் படியேறினார்.