கேப்டன் வீட்டுப் பேச்சு

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், தக்காளித் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்தபடியே கலைமதி இரண்டு ஊர்ப் பையன்களை மேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வாய் திறக்காத பெண்தான். போனில் துப்பாக்கி விளையாட்டைத் திறந்து ஹெட்போனை மாட்டினால் அவள்தான் கேப்டன். தீர்த்தமலை ஆரோக்கியராஜும் பாப்பாரப்பட்டிப் பூவரசனும் அவள் சொல்லாமல் ஓரடி நகர மாட்டார்கள். மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் பூவரசன் எந்தப் பாடத்தில் ஃபெயில், ஆரோக்கியராஜ் வீட்டு மாடு என்ன கன்று போட்டது, எல்லாம் மூவருக்கும் அத்துப்படி.

ஒன்றை மட்டும் அவள் சொன்னதில்லை. வீட்டில் பேசுவது கன்னடம். பள்ளியில் ஒருநாள் அது வாய் தவறி வந்து வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வாசற்படியைத் தாண்டவிடவில்லை. அம்மா சென்னம்மாளின் குரல் கேட்டாலே மைக்கை அணைத்துவிடுவாள்.

அன்று போட்டியின் கடைசி ஆட்டம். எதிரில் சென்னைப் பையன்கள். இந்த விளையாட்டில் ஒரு வம்பு, கிட்டே போனால் நாம் பேசுவது எதிரிக்கும் கேட்கும். இவள் இடது பக்கம் போகச் சொன்னால் அவர்கள் முன்பே அங்கே காத்திருந்தார்கள். கோப்பை கைநழுவிப் போகிற பதற்றத்தில், அம்மா குரல் வந்தால் மைக்கை அணைக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள்.

"ஊட்டக்கெ பாரே, கலா," என்று அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

கலைமதிக்குக் காது சூடாகிவிட்டது. போச்சு, இனி இவனுங்களும் சிரிப்பானுங்க.

"கேப்டன், அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க," என்றான் ஆரோக்கியராஜ்.

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"மைக்கை அணைச்சிட்டதா நெனச்சிக்கிறீங்க. பாதி நாள் அணையறதே இல்லைங்க. தக்காளிப் பெட்டி ஏத்தறப்ப அம்மா போடற சத்தத்துலயே கன்னடத்துல இடம் வலமெல்லாம் கத்துக்கிட்டோம்."

"கன்னடத்துலயே சொல்லுங்க கேப்டன்," என்றான் பூவரசன். "அவனுங்க முழிக்கட்டும்."

முதல் சொல் முனகலாக வந்தது.

"எடகடெ."

இருவரும் இடது பக்கம் பாய்ந்தார்கள். சென்னைக்காரர்கள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அதன்பிறகு அவள் குரல் அடங்கவில்லை. "பலகடெ ஹோகு, ஆரோக்கியா," என்றதும் அவன் வலது பக்கம் ஓடினான். "பூவரசா, நில்லு." அம்மா பெட்டி ஏற்றுகிற அதே அதட்டல். கொஞ்ச நேரத்தில் எதிரணியில் ஆளே இல்லை.

தோற்றவர்களில் ஒருவன் மைக்கில் வந்தான். "செம ஆட்டம்ங்க. கடைசியில பேசினீங்களே, அது என்ன பாஷை?"

பையன்கள் இருவரும், கேப்டன் பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"கன்னடம்," என்றாள் கலைமதி. "எங்க வூட்ல பேசறதுங்க."