தங்கள் அண்ணன் இல்லத்தில் இல்லை

நாற்பத்தொன்பதாம் வயதில் மாலை நேர வகுப்பொன்றில் சேர்ந்து, கணினிக்குக் கட்டளை எழுதும் கலையை நான் கற்றேன். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பணிபுரிபவனுக்கு அது எதற்கு என்று வினவியோர் பலர். தேவையற்ற கல்வி என ஒன்று இல்லை என்பதே அவர்களுக்கு நான் அளித்த விடை. கறுப்புத் திரையில் நான் தட்டச்சிட்ட ஒரு வரிக்கு இயந்திரம் பணிந்து மறுமொழி கூறிய அந்த முதல் மாலையை இன்றும் மறந்தேனில்லை.

அக்கல்வியின் முதற்பயனை என் தங்கைக்கே அளித்தேன். அவள் எங்கள் தெருவின் எதிர்ப்புறக் கட்டடத்தில், முதல் மாடியில் குடியிருந்தாள். நான் வசிப்பதோ நான்காம் மாடி. மின்தூக்கி இல்லாத கட்டடம். அவளுக்கு வலது முழங்கால் தேய்ந்திருந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக நாள் முழுதும் அமர்ந்து எழும் அவள், மாலையில் என்னைக் காண வருவாள். எனக்கோ வீடு திரும்பும் நேரம் நிலையாக இராது. இருமுறை நான்கு மாடி ஏறி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்கினாள். இரண்டாம் முறை கால் வீங்கி இரு நாள் விடுப்பு எடுத்தாள்.

எனவே ஒரு நிரல் எழுதினேன். என் மடிக்கணினி என்னுடனேயே அலுவலகம் சென்று என்னுடனேயே திரும்பும். மாலை ஆறு மணிக்கு அந்நிரல் தானே விழித்து, கணினி எந்த வைஃபையில் இணைந்திருக்கிறது என்று கேட்கும். விடை என் வீட்டு வைஃபையின் பெயராயின், ‘தங்கள் அண்ணன் இல்லத்தில் இருக்கிறார்’ என்ற செய்தி தங்கையின் கைபேசிக்குச் செல்லும். இல்லையேல், ‘தங்கள் அண்ணன் இல்லத்தில் இல்லை’ என்ற செய்தி செல்லும்.

“என்னைத் தங்கள்னு மரியாதையா கூப்பிடுற ஒரே ஆள் உன் மெஷின்தான்,” என்று அவள் சிரித்தாள்.

“மெஷின் தப்பு பண்ணாது. மனுஷன்தான் பண்ணுவான்,” என்றேன். அன்று அதை நான் முழுமையாக நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வேறு ஊரில் வாழும் அவள் மகள், தன்னோடு வந்து தங்கிவிடுமாறு அழைத்திருந்தாள்.

“நான் என்ன பண்ணட்டும் அண்ணா?”

“ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அலசிப் பார்க்கணும்.”

“அலசுறதுக்கு இது என்ன துணியா? போகாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் போகல. போன்னு சொன்னாலும் சரிதான். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள ஒரு நாள் வரேன். யோசிச்சு வை.”

முக்கியமானவற்றைத் தொலைபேசியில் பேசுவதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். நல்லதாயினும் கெட்டதாயினும் முகம் பார்த்துச் சொல் என்பார் எங்கள் தந்தை. ஆகவே அவள் வருவதாகக் கூறியதும், நான் காத்திருக்க ஒப்பியதும் எங்கள் இருவருக்கும் இயல்பானவையே.

அவள் சென்ற பின், பல நாட்களாக நினைவூட்டிக்கொண்டிருந்த இயங்குதள மேம்படுத்தலுக்கு ஒப்புதல் அளித்தேன். ஒரு மணி நேரத்தில் கணினி புதிய பதிப்புடன் எழுந்தது. எழுத்துருக்கள் கூர்மையாக இருந்தன. நான் மகிழ்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் செல்கையில் என் மனம் ஒரு முடிவுக்கு வந்தது. போகாதே என்று சொல்ல வேண்டும். அதற்கான காரணங்கள் மூன்றனையும் வரிசைப்படுத்தி வைத்தேன். அவ்வாரம் நாள்தோறும் ஆறு மணிக்கு முன்பே வீடு திரும்பினேன். செவ்வாய் மாலை அவள் வரவில்லை. புதனும் வியாழனும் வரவில்லை. வெள்ளியன்று, இங்கேயே இருப்பதெனத் தானே முடிவு செய்துவிட்டாள் போலும், என் ஆலோசனை தேவைப்படவில்லை போலும் என்று எண்ணிச் சற்றே வருந்தினேன். தெருவைக் கடந்து சென்று கேட்கலாம் என்ற எண்ணம் எழாமலில்லை. வருவதாகச் சொன்னவள் அவள்தானே என்று அதை அடக்கினேன்.

சனிக்கிழமை நண்பகல், அவள் பால்கனியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதைச் சன்னல் வழியே கண்டு, படிகளில் விரைந்திறங்கி எதிர்வீடு சென்றேன்.

“வாங்க,” என்றாள். என்னை ‘வா’ என்றே அழைத்து வளர்ந்தவள் அவள்.

“என்ன இது, இவ்வளவு பெட்டி?”

“துணி, பாத்திரம். வேறென்ன, யானையா இருக்கும்?”

“போறதா முடிவு பண்ணிட்டியா?”

“முடிவு பண்ணது நீ. கட்டுற வேலை மட்டும்தான் என்னோடது.” கைபேசியை எடுத்து என் முன் நீட்டினாள். ஐந்து மாலைகளின் ஐந்து செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஐந்தும் ஒரே செய்தி.

“திங்கள் இல்ல, செவ்வாய் இல்ல, புதன் இல்ல. ஆனா ஜன்னல்ல லைட் எரியுது, நீ பனியனோட குறுக்கும் நெடுக்கும் நடக்கிற. முதல் நாள் சிரிப்பா வந்துது. ரெண்டாம் நாள், சரி, இன்னும் யோசிக்கிறான் போலன்னு விட்டேன். அப்புறம் புரிஞ்சுபோச்சு. முகத்தைப் பார்த்துப் போன்னு சொல்ல மனசு வரல, மெஷினை விட்டுச் சொல்ல வைக்கிறான்னு.”

“நான் சொல்ல வைக்கல. அதுல ஏதோ கோளாறு.”

“மெஷின் தப்பு பண்ணாதுன்னு யாரோ சொன்னாங்களே?”

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு ஹவுஸ் ஓனர் வரார். காலி பண்றதா ஒரு தாள்ல கையெழுத்து வாங்கணுமாம். வேற குடும்பம் ரெடியா இருக்கு. கையெழுத்துப் போடுற வரைக்கும் வீடு என்னோடதுதான்.”

கூறிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அப்பார்வையின் பொருளை இன்று அறிகிறேன். அன்றோ ஐந்து பொய்களுக்கு நான் பொறுப்பல்லன் என்று மெய்ப்பிப்பதொன்றே என் நெஞ்சை நிறைத்திருந்தது.

“ஒரு நாள் கொடு. இது என் தப்பு இல்லைன்னு நிரூபிச்சுக் காட்டுறேன்,” என்றேன்.

“காட்டு,” என்று சொல்லி, ஒட்டும் நாடாவைக் கையிலெடுத்தாள்.

வீடு திரும்பி, நிரலிலிருந்த கட்டளையை என் கையாலேயே தட்டச்சிட்டேன். வைஃபையின் பெயர் வரவேண்டிய இடத்தில், ‘மறைக்கப்பட்டது’ என்று பொருள்படும் ஒரு சொல் வந்தது. தேடிப் படித்ததில் காரணம் விளங்கிற்று. ஒருவன் எந்த வைஃபையின் அருகில் இருக்கிறான் என்று தெரிந்தால், அவன் எங்கே இருக்கிறான் என்றும் தெரிந்துவிடும். ஆதலின் புதிய பதிப்பு, இருப்பிட அனுமதி பெற்ற செயலிகளுக்கு மட்டுமே அப்பெயரைக் கூறும். அமைப்புகளைத் திறந்து அனுமதிப் பட்டியலைக் கண்டேன். நிலப்படம், வானிலை, கேமரா என ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பொத்தான். என் கறுப்புத் திரையாகிய டெர்மினலின் பெயர் அங்கு இல்லை. பெயரைச் சேர்க்க வழியும் இல்லை. செயலி தானே கேட்டால்தான் பட்டியலில் இடம் பெறும். கட்டளை வரிக் கருவிகளுக்கோ கேட்கத் தெரியாது. இவ்வாறு படித்துக்கொண்டிருக்கையில் மணி ஆறாயிற்று. ஆறாவது பொய்யும் தங்கைக்குச் சென்றது. நிரலை நிறுத்திவைக்க வேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு உதிக்கவில்லை.

மறுநாள் காலை, மாலை வகுப்பில் என்னுடன் பயின்ற மின்தூக்கிப் பழுதுபார்ப்பாளரை, நடந்ததையெல்லாம் கூறி அழைத்தேன். நான்கு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார்.

“லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் இல்லாத வீட்ல என்ன சிநேகிதம்னு என் வீட்ல கேக்குறாங்க தலைவரே.”

அவர் நான்கு வரி எழுதி இயக்கினார். டெர்மினல் இருப்பிட அனுமதி கோரும் சிறு கட்டம் திரையில் எழுந்தது. அனுமதித்தேன். பட்டியலில் அதன் பெயர் தோன்றிற்று. கட்டளையைத் தட்டினேன், என் வீட்டு வைஃபையின் பெயர் முழுமையாக வந்தது. நான் நிமிர்ந்து அமர்ந்தேன். ஆயினும் நிரலைத் தானே விழிக்குமாறு வைத்துப் பார்த்தபோது, மீண்டும் அந்த மறைப்புச் சொல்லே வந்தது.

“கூட்டிட்டுப் போறது யாரோ, அனுமதி அவங்களுக்குத்தான்,” என்றார் அவர். “கையால ஓட்டினா டெர்மினல் கூட வருது. நேரம் வெச்சு ஓட்டினா பின்னால யாரும் இல்ல, பாவம் அநாதை. அதுக்குன்னு தனியா ஒரு செயலி செஞ்சு, அதையே கேக்க வைக்கணும்.” பிறகு நிரலை மேலிருந்து கீழ்வரை படித்தார். “இது என்ன, பேர் தெரியலைன்னாலும் இல்லைன்னே அனுப்பச் சொல்லியிருக்கீங்க?”

“பேர் பொருந்தலைன்னா வீட்ல இல்லைன்னுதானே அர்த்தம்?”

“பொருந்தலைங்கிறது வேற, தெரியலைங்கிறது வேற. லிஃப்ட் கதவுல ஒரு கண்ணு இருக்கு. அது கெட்டுப்போனா, நடுவுல யாரும் இல்லைன்னு நாங்க எடுத்துக்க மாட்டோம். யாரோ நிக்கிறாங்கன்னுதான் எடுத்துப்போம். கதவு மூடாது. எல்லாரும் திட்டுவாங்க. திட்டட்டும், யார் கையும் நசுங்காதில்ல?”

வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவன் நான். அவர் இருமுறை தேர்வெழுதித் தேறியவர்.

“சரி, தங்கச்சிகிட்ட போகாதேன்னு சொல்லிட்டீங்களா?”

“முதல்ல இதை நிரூபிக்கணும்.”

“நிரூபிச்சா மார்க் போடுவாங்களா?” என்று சன்னலுக்கு வெளியே கை காட்டினார். “மணி பதினொண்ணு. எதிர் வீடு. நொண்டிக்கிட்டே போனாலும் அஞ்சு நிமிஷம்.”

“வெறுங்கையோட போய் என்னன்னு சொல்றது?”

அவர் காலணியை மாட்டிக்கொண்டு, “வாய் இருக்கே,” என்று மட்டும் கூறி இறங்கிப் போனார்.

நான் தனிச்செயலி அமைக்கும் பணியில் ஆழ்ந்தேன். மும்முறை முயன்று மும்முறையும் தவறிற்று. ஐந்து மணியளவில் கண்களுக்கு ஓய்வளிக்கச் சன்னலருகே நின்றபோது, கோப்பொன்றைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர் எதிர்க் கட்டடத்தினுள் நுழைவதைக் கண்டேன். அவர் யாரென்று அறிந்தேன். இன்னும் ஒரே பிழைதான் எஞ்சியிருக்கிறது என்று எனக்கு நானே கூறிக்கொண்டு திரைக்குத் திரும்பினேன்.

ஐந்து நாற்பதுக்கு அது பலித்தது. ஆறு மணிக்கு நிரல் தானே விழித்து, தங்கள் அண்ணன் இல்லத்தில் இருக்கிறார் என்று உண்மை கூறிற்று. கால் மணி நேரத்தில் படிகளில் அவள் காலடி ஓசை கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தாள்.

நாற்காலியில் அமர்ந்ததும் அவளுக்குத் திரையைக் காட்டினேன். அனுமதிப் பட்டியல், மறைக்கப்பட்ட பெயர், தனிச்செயலி என யாவற்றையும் பத்து நிமிடம் விளக்கினேன். முழங்காலை நீவிக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது. அஞ்சு நாளும் நீ வீட்லதான் இருந்திருக்க. பொய் சொன்னது நீ இல்ல.”

“ஆமா.”

“நான் வந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?”

“போகாதேன்னு.”

அவள் கை முழங்காலில் நின்றது. “எப்ப முடிவு பண்ண?”

“செவ்வாய்க்கிழமையே.”

“நேத்து என் வீட்டுக்கு வந்து நின்னியே, அப்ப?”

“அப்பவும் அதேதான்.”

“நேத்து மெஷினைக் கூட்டிட்டு வரலையே அண்ணா. நீ மட்டும்தானே வந்த.” அவள் குரலில் சினமில்லை, இருந்திருப்பின் எனக்கு எளிதாயிருக்கும். “இன்னைக்கு ஹவுஸ் ஓனர் வந்ததும் பேனாவைக் காணோம்னு தேடினேன். அலமாரில தேடினேன், கட்டின பெட்டியைப் பிரிச்சுத் தேடினேன். அரை மணி நேரம். வாசலைப் பார்த்துக்கிட்டே தேடினேன். கடைசியில அவரே தன் பேனாவை எடுத்துக் கொடுத்துட்டார்.”

“இப்ப அவர்கிட்ட பேசினா?”

“புதுசா வர்றவங்க சாமான் புதன்கிழமை இறங்குது. மகளும் அங்க ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டா.”

வரிசைப்படுத்தி வைத்திருந்த காரணங்கள் மூன்றும் என் நாவில் நின்றன. அவற்றுள் ஒன்றையும் நான் கூறவில்லை. அவள் எழுந்தாள். விளக்கைப் போட்டுவிட்டு நானும் உடன் சென்றேன். படியிறங்குவது ஏறுவதைக் காட்டிலும் அவளுக்குக் கடினம். என் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

“இனிமே இந்தப் படி ஏற வேண்டாம். அது ஒரு நிம்மதி,” என்றாள்.

அது என்னைத் தேற்றுவதற்காகக் கூறப்பட்டது. நான் தலையசைத்தேன். அவள் மீண்டும் என் தோளில் கை வைத்தாள். எஞ்சிய படிகளை இயன்ற அளவு மெதுவாக இறங்கினேன்.